அப்பாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கணினிக்குள் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பாவுக்கு இப்போது எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. டாக்டர் "பழைய படம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். 1991-ல் அப்பாவுக்குக் காசநோய் சிகிச்சை நடந்தபோது எடுத்த ஃபிலிம்கள் ஊரில் பீரோவின் மேல் ஒரு பெட்டியில் இருக்கின்றன. டாக்டர் இருப்பது வேறு நகரத்தில். மொபைலில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா, ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்ய வேண்டுமா, அல்லது இதற்கென்று தனி வழி இருக்கிறதா?

அந்தப் பெட்டியை வீடு மாற்றும்போது தூக்கிப் போடாமல் வைத்திருந்தீர்களே, அதுவே பெரிய காரியம். நுரையீரலில் தெரியும் ஒரு கெட்டியான புள்ளி 2 வருடங்களுக்கு மேல் அளவு மாறாமல் அப்படியே இருந்தால், பெரும்பாலும் அது பயப்பட வேண்டியதில்லை என்பது டாக்டர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. 1991 படத்தில் அதே இடத்தில் அதே அளவில் ஒரு புள்ளி இருந்தால், அது ஆறிப்போன காசநோயின் தழும்பு என்ற முடிவுக்கு டாக்டர் வர வாய்ப்பு அதிகம். ஊசி விட்டுச் சதை எடுக்கும் சோதனையே தேவைப்படாமல் போகலாம். இல்லாமலிருந்தால் அதுவும் அவசியமாகத் தெரிய வேண்டிய செய்திதான். முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். ஃபிலிமில் இருப்பது இருக்கிறபடியே அவர் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும், அதுதான் நம் வேலை.

சுருக்கமான பதில்: ஜெராக்ஸ் கடை ஸ்கேனர் வேண்டாம். மொபைல் போதும், ஆனால் ஜன்னலில் தூக்கிப் பிடித்து எடுக்கும் போட்டோ போதாது. முறையாக எடுத்தால் மொபைல் படமே டாக்டரின் கேள்விக்குப் பதில் தரலாம். அது போதவில்லை என்று அவர் சொன்னால் ஃபிலிம் டிஜிட்டைசர், அதாவது எக்ஸ்ரே ஃபிலிமைக் கணினிப் படமாக்கவென்றே செய்த இயந்திரம், இருக்கும் இடத்தைத் தேடலாம்.

இனி காரணம். நான் எக்ஸ்ரே டெக்னீஷியனாக டார்க் ரூமில் வேலையைத் தொடங்கியவன். பிற்பாடு பழைய ஃபிலிம்களை டிஜிட்டைசரில் ஏற்றுகிற வேலையையும் சில வருடங்கள் பார்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் முறை தானாக நினைவில் நிற்கும்.

ஃபிலிம் என்பது நீலச் சாயம் ஏற்றிய பாலியெஸ்டர் தகடு. கனம் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர். பெரும்பாலும் அதன் இரண்டு பக்கமும் ஜெலட்டினில் வெள்ளி உப்பு கலந்த பூச்சு இருக்கும். எக்ஸ்ரே பட்ட இடத்தில், டெவலப்பர் அந்த உப்பைக் கறுப்பு வெள்ளித் துகளாக மாற்றும். மிச்ச உப்பை ஃபிக்ஸர் கரைத்து எடுத்துவிடும். காற்று நிறைந்த நுரையீரலைக் கதிர் எளிதாகக் கடந்துவிடும், அதனால் அங்கே வெள்ளித் துகள் அதிகம், படம் கறுப்பு. எலும்பு கதிரைத் தடுக்கும், அங்கே துகள் குறைவு, படம் வெளுப்பு. ஆக, நாம் "கறுப்பு" என்று சொல்வதெல்லாம் அந்த இடத்தில் எவ்வளவு வெள்ளி படிந்திருக்கிறது என்பதன் அளவு.

அந்த அளவுக்கு ஒளி அடர்த்தி என்று பெயர். அடர்த்தி 1 என்றால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஃபிலிமைத் தாண்டி வரும். 2 என்றால் நூறில் ஒரு பங்கு. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நல்ல மார்பு ஃபிலிமில் நுரையீரல் பகுதி 2-ஐ ஒட்டி இருக்கும். உடம்புக்கு வெளியே கதிர் நேராக விழுந்த ஓரங்கள் 3-ஐத் தாண்டும். இதயத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதி 1-க்கும் கீழே. ஒரே தகட்டுக்குள் ஆயிரம் மடங்கு வித்தியாசம். டாக்டர்கள் ஃபிலிமை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டியான வியூ பாக்ஸ் முன்னால், நம் கண் இதை ஓரளவு சமாளிக்கும். கேமராவும் ஸ்கேனரும் தாமாகச் சமாளிக்காது.

இப்போது ஜெராக்ஸ் கடை ஸ்கேனரை எடுத்துக்கொள்ளுங்கள். அது காகிதத்துக்காகச் செய்தது. வெளிச்சம் கீழிருந்து போய், காகிதத்தில் பட்டுத் திரும்பி வரும். ஃபிலிமை அதில் வைத்தால், வெளிச்சம் ஃபிலிமை ஒரு முறை கடந்து, மேல் மூடியின் வெள்ளையில் பட்டு, மறுபடியும் ஃபிலிமைக் கடந்து கீழே வர வேண்டும். போகும்போது நூறில் ஒரு பங்கு, வரும்போது அதிலும் நூறில் ஒரு பங்கு. பத்தாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அதோடு ஃபிலிமின் வழவழப்பான மேற்பரப்பே கண்ணாடி மாதிரிப் பளபளத்து அந்த மிச்சத்தையும் மறைத்துவிடும். நுரையீரல் முழுக்கத் தார் பூசினாற்போல் வந்து நிற்கும். கடைக்காரர் பிரைட்னஸை ஏற்றிப் பார்ப்பார், அதனால் எதுவும் ஆகாது. உள்ளே வராத தகவலைப் பிரகாசம் கூட்டி வரவழைக்க முடியாது.

எதையும் எடுக்கத் தொடங்கும் முன் பெட்டியைத் திறந்து ஃபிலிம்களைப் பிரியுங்கள். வீட்டில் இருப்பவை பொதுவாக இரண்டு வகை. ஒன்று, டார்க் ரூமில் கழுவி எடுத்த பழைய ஃபிலிம். மூலைகளில் ஹேங்கர் கிளிப் கடித்த தழும்பு இருக்கும். ஓரத்தில் ஈய எழுத்தில் ஓர் 'எல்' அல்லது 'ஆர்' வெள்ளையாக விழுந்திருக்கும். பெயரும் நம்பரும் ஒரு சிறிய செவ்வகத்துக்குள் இருக்கும், இல்லாவிட்டால் வெள்ளை மையில் கையால் எழுதியிருப்பார்கள். மூக்கருகே வைத்தால் பல ஃபிலிம்களில் இன்னமும் ஃபிக்ஸரின் புளித்த வாடை லேசாக வரும். இன்னொன்று, இப்போது சென்டர்களில் கொடுக்கும் டிரை ஃபிலிம். பெயர், வயது, தேதி எல்லாம் கம்ப்யூட்டர் எழுத்தில் துல்லியமாக அச்சாகியிருக்கும். இது டிஜிட்டல் படத்தை வெப்பத்தால் அச்சடித்த பிரிண்ட்.

இந்த வித்தியாசம் முக்கியம். டிரை ஃபிலிமைப் போட்டோ எடுப்பது, கையில் மூலம் இருக்கும்போது அதன் நகலை நகலெடுப்பது போன்றது. அப்பாவின் புதிய எக்ஸ்ரேயை எடுத்த சென்டரில் டிஜிட்டல் ஃபைல் இருக்கும். "டைகாம் ஃபைலாக சிடியிலோ பென் டிரைவிலோ கொடுங்கள்" என்று கேளுங்கள். டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள ஃபைல் முறை. சில மாதங்களில் அழித்துவிடும் சென்டர்களும் உண்டு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருந்தபோது எடுத்தது என்றால் உங்கள் கை இன்னும் வலுவானது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஃபிலிம்களும் இதே கதைதான். ஒரே தகட்டில் இருபது சின்னப் படங்களாக அடுக்கியிருப்பதைப் போட்டோ எடுத்துப் பெரிய பயன் இல்லை. டைகாம் ஃபைல் உள்ள சிடி வட்டைத்தான் வாங்க வேண்டும்.

டிரை ஃபிலிமில் இன்னொரு பொறி இருக்கிறது. நெஞ்சை 14 x 17 அங்குல அளவில் எடுத்துவிட்டு, செலவு குறைய 10 x 12 அல்லது 8 x 10 ஃபிலிமில் சுருக்கி அச்சடித்துக் கொடுப்பது இப்போது வழக்கம். உங்கள் 1991 ஃபிலிமோ உடம்பின் நிழல் விழுந்த அதே அளவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அப்போது பெரிதாக இருந்தது, இப்போது சுருங்கிவிட்டது" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புள்ளி சுருங்கியிருக்காது, பிரிண்ட்தான் சுருங்கியிருக்கும்.

சரி, 1991 ஃபிலிமுக்கு வருவோம். டிஜிட்டல் மூலம் இல்லாத ஒன்று, அதனால் இதற்குத்தான் நம் முழுக் கவனமும்.

முதலில் கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களை மட்டும் பிடியுங்கள். தூசியை மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி, ஸ்பிரிட், வாயால் ஆவி ஊதித் துடைப்பது எதுவும் வேண்டாம். ஜெலட்டின் ஈரம் பட்டால் இளகும், கீறல் விழுந்தால் விழுந்ததுதான். இரண்டு ஃபிலிம்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள். நம் ஊர் புழுக்கத்தில் பல வருடம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் இப்படி ஒட்டும். பிய்த்தால் ஒன்றின் படம் மற்றதோடு உரிந்து வந்துவிடும். அதை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள், பிரிப்பது பழக்கப்பட்ட கை செய்ய வேண்டிய வேலை. பழுப்புக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். அன்றைக்கு ஃபிக்ஸரைச் சரியாகத் தண்ணீரில் அலசாததால் வருவது அது. கறைக்குப் பின்னாலும் படம் இருக்கும்.

இப்போது மொபைல் முறை. இதற்குச் சமமான, பரந்த வெள்ளை வெளிச்சம் பின்னால் வேண்டும். பக்கத்து கிளினிக்கில் வியூ பாக்ஸ் இருந்தால் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இல்லையென்றால் வீட்டு டிவியிலோ பெரிய மானிட்டரிலோ வெறும் வெள்ளைத் திரையை முழுப் பிரகாசத்தில் வையுங்கள். ஆனால் ஃபிலிமைத் திரையோடு ஒட்டி வைக்கக் கூடாது. திரையின் பிக்சல் கட்டங்கள் படத்துக்குள் புகுந்து அலை அலையாகக் கோடு விழும். ட்ரேசிங் பேப்பர் ஒன்றைத் திரை மேல் பரப்பி, அதிலிருந்து நான்கு விரல் தள்ளி ஃபிலிமை நிறுத்தினால் கட்டங்கள் மங்கி மறைந்துவிடும். ட்யூப் லைட், ஃபேன் நிழல், பின்னாலிருந்து வரும் ஜன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அறை இருட்டாக இருக்க வேண்டும்.

அடுத்தது பலரும் செய்யாத, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தரும் விஷயம்: ஃபிலிமைச் சுற்றி நேராகக் கண்ணில் அடிக்கும் வெள்ளை வெளிச்சத்தைக் கறுப்பு சார்ட் பேப்பரால் மறையுங்கள். ஃபிலிமின் அளவுக்கு நடுவில் ஜன்னல் வெட்டி ஒட்டினால் போதும். அந்த வெளிச்சம் ஃபிலிமின் கறுப்புப் பகுதியைவிட நூறு மடங்குக்கு மேல் பிரகாசமானது. அது லென்ஸுக்குள் புகுந்து படம் முழுக்க ஒரு வெண்புகையைப் பரப்பிவிடும். கேமராவும் அதைப் பார்த்துப் பயந்து ஒளியைக் குறைத்துக்கொள்ளும், நுரையீரல் இருண்டுவிடும்.

போனில் ஃப்ளாஷ், எச்.டி.ஆர்., பியூட்டி மாதிரியானவற்றை எல்லாம் நிறுத்துங்கள். எச்.டி.ஆர். படத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் வெளுக்க வைத்து அழகாக்கும். அழகு நமக்கு எதிரி. ஒரு புள்ளியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது, பக்கத்தில் இருக்கும் விலா எலும்போடு ஒப்பிட்டு அது எவ்வளவு வெளுப்பு என்பதை வைத்து. ஆறிப்போன காசநோய்த் தழும்பில் சுண்ணாம்பு படிவது சகஜம், அதனால் அது பெரிய துப்பு. போன் தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தை வெளுக்கவும் இன்னோர் இடத்தைக் கறுக்கவும் செய்துவிட்டால் அந்த ஒப்பீடே போய்விடும்.

'ப்ரோ' மோட் இருந்தால் அதில் போய் ஐ.எஸ்.ஓ. 100 அல்லது அதற்குப் பக்கத்தில் வையுங்கள். ஷட்டர் 1/50 நொடியிலோ அதற்கும் மெதுவாகவோ. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், இதைவிட வேகமாக வைத்தால் சில விளக்குகளில் படத்தின் குறுக்கே பட்டை விழும். போனை ஸ்டாண்டிலோ புத்தக அடுக்கிலோ அசையாமல் நிறுத்தி டைமரில் எடுங்கள். பக்கத்தில் போய் வைட் லென்ஸில் எடுத்தால் ஓரங்கள் வளையும். மூன்றடி தள்ளி நின்று 2 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். போன் ஃபிலிமுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று நான்கு ஓரமும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

ஒரே ஃபிலிமை ஒரு முறை எடுத்தால் போதாது. ஷட்டரை மாற்றி மூன்று முறை எடுங்கள்: ஒன்று சாதாரணமாக, ஒன்று இதயமும் முதுகெலும்பும் நன்றாகத் தெரியும்படி வெளிச்சம் குறைத்து, ஒன்று நுரையீரலின் கறுப்புக்குள் இருப்பது தெரியும்படி வெளிச்சம் கூட்டி. மூன்றாவதில் எலும்பெல்லாம் வெளிறிப் போகும், போகட்டும். அப்புறம் புள்ளி இருக்கும் மேல்பகுதியை மட்டும் நெருக்கமாக ஒன்று.

இந்த மூன்றாவது படத்தை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஓர் இளைஞரின் ஃபிலிமை யாரோ ஜன்னலில் பிடித்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். போனில் பார்த்தால் இரண்டு நுரையீரலும் நல்ல கறுப்பு, ஒன்றுமே இல்லை. மூச்சு வாங்குகிறது என்கிறார், படமோ சுத்தமாக இருக்கிறது. மதியம் ஃபிலிமே கைக்கு வந்தது. வியூ பாக்ஸில் மாட்டினோம், அப்போதும் கறுப்புத்தான். பக்கத்தில் இருந்த பிரகாசமான ஸ்பாட் விளக்கைத் தோள்பட்டைக்குக் கீழே நகர்த்தினேன். விலா எலும்புகளுக்குக் குறுக்கே, மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வளைந்து இறங்கியது. கோட்டுக்கு உள்பக்கம் நுரையீரலின் மெல்லிய ரத்தக்குழாய் நிழல்கள். வெளிப்பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. நுரையீரல் சுருங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்திருந்தது. கோடு காலையிலிருந்தே ஃபிலிமில் இருந்தது. போட்டோவில் அது இருந்த இடத்துக் கறுப்பும் பக்கத்துக் கறுப்பும் ஒரே எண்ணாகிவிட்டிருந்தன. அன்றிலிருந்து நான் யாரிடமும் "போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. கறுப்பை எப்படி எடுப்பது என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

மொபைலைவிட நல்ல வழி, ஃபிலிமுக்கான மேல்விளக்கு உள்ள ஸ்கேனர். போட்டோகிராபர்கள் பழைய ரோல்களை ஸ்கேன் செய்ய வைத்திருப்பார்கள். எப்சன் வி850 போன்றவற்றில் மூடிக்குள் ஒரு விளக்கு இருக்கும், வெளிச்சம் ஃபிலிமை ஒரே முறை கடந்து கீழே சென்சாருக்கு வரும். குறை என்னவென்றால் அந்த விளக்கின் பரப்பு 8 x 10 அங்குலம்தான். 14 x 17 ஃபிலிம் முழுதாகப் போகாது. ஏ3 அளவு ஸ்கேனரில்கூட 14 அங்குல அகலம் அடங்காது, இரண்டு தடவையாக எடுத்து ஒட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஃபிலிம் முழுவதையும் மொபைலில் எடுத்துவிட்டு, வலது மேல்பகுதியை மட்டும் ஸ்கேனரில் எடுத்தால் இரண்டும் சேர்ந்து அருமையாக இருக்கும்.

ஸ்டுடியோக்காரரிடம் கொடுக்கும்போது நான்கு விஷயம் சொல்லுங்கள். 'பாசிட்டிவ் ஃபிலிம்' என்று வைக்க வேண்டும், நெகட்டிவ் என்று வைத்தால் கறுப்பு வெள்ளை தலைகீழாகிவிடும். 16 பிட் கிரே, அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே நிறையப் படிகள். 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். தானாகத் திருத்தும் எந்த வசதியும் வேண்டாம், ஷார்ப்பனிங், தூசி நீக்குவது உட்பட. தூசி நீக்கும் மென்பொருள் சின்ன வெள்ளைப் புள்ளியைப் பார்த்தால் தூசி என்று நினைத்து அழித்துவிடும். நாம் தேடுவதே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. இன்னொன்று, கண்ணாடியின் தலைப்பகுதியில் ஸ்கேனர் தன் வெளிச்சத்தை அளந்துகொள்ள ஒரு பட்டை இடம் உண்டு. அதன் மேல் ஃபிலிம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டால் நீளவாக்கில் கோடு கோடாக வரும், காரணமும் புரியாது.

எல்லாவற்றுக்கும் மேலே, இதற்கென்றே செய்த ஃபிலிம் டிஜிட்டைசர். மருத்துவக் கல்லூரிகளிலும் சில பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இருந்தது, சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. ஃபிலிமை மேலே செருகினால் உருளைகள் மெல்ல இழுத்துக்கொள்ளும். ஒரு லேசர் புள்ளியோ மெல்லிய ஒளிக்கீற்றோ ஃபிலிமைத் தாண்டி வருவதை வரி வரியாக அளந்து எண்ணாக எழுதும். நான் ஓட்டிய இயந்திரத்தில் ஃபிலிம் உள்ளே போகும் அந்த அரை நிமிடமும் கை ஃபிலிமின் கீழ் ஓரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்கும். லேசாகக் கோணினாலும் படம் கோணும். சாதாரண ஜேபெக் படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 படிகள்தான். 12 பிட் டிஜிட்டைசரில் 4096. என் இளைஞரின் மயிரிழைக் கோடு தப்பிப் பிழைப்பது இந்தப் படிகளில்தான்.

டிபிஐ பற்றி நிறையப் பேர் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு, தொலைவிலிருந்து படம் பார்ப்பதற்கு வைத்த குறைந்தபட்ச அளவு, ஒரு மில்லிமீட்டருக்குள் 2.5 ஜோடிக் கோடுகள் பிரிந்து தெரிய வேண்டும், 10 பிட் ஆழம் வேண்டும் என்பது. கணக்குப் போட்டால் 127 டிபிஐதான் வருகிறது. 150 டிபிஐயில் ஒரு முழு மார்பு ஃபிலிம் 2100 x 2550 பிக்சல், 16 பிட்டில் ஏறக்குறைய 11 எம்.பி. 300 டிபிஐயில் 43 எம்.பி. ஆக, 1200 டிபிஐயில் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது கூடுதல் காசு கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணத்தை ஆழத்தில், அதாவது பிட்டில் போடுங்கள், டிபிஐயில் வேண்டாம்.

ஜப்பானின் ரேடியாலஜி தொழில்நுட்பச் சங்கம் 1998-ல் வெளியிட்ட தொகுப்பு இதற்கு நல்ல சாட்சி. அதில் 247 மார்பு எக்ஸ்ரேக்கள். எல்லாமே ஃபிலிமிலிருந்து லேசர் டிஜிட்டைசரில் ஏற்றியவை, 2048 x 2048 பிக்சல், ஒரு பிக்சல் 0.175 மில்லிமீட்டர், 12 பிட். அவற்றில் 154 படங்களில் உங்கள் அப்பாவுக்குத் தெரிவது போன்ற ஒற்றைப் புள்ளி இருக்கிறது. அதில் 100 புற்று, 54 சாதுவானவை. நுரையீரல் புள்ளியைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா என்று உலகமெங்கும் ஆய்வு செய்தவர்களில் பலர் இந்தப் படங்களில் பழகினார்கள். அந்தப் பிக்சல் அளவு 145 டிபிஐதான். ஒழுங்காக எடுத்த ஃபிலிமிலிருந்து ஒழுங்காக ஏற்றினால் அவ்வளவு போதும்.

படம் எடுத்தாயிற்று. இனிமேல்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பக்கம் முதலில். ஃபிலிமின் இரண்டு பக்கமும் பூச்சு இருப்பதால், எது முன் எது பின் என்று பளபளப்பை வைத்துச் சொல்ல முடியாது. திருப்பி வைத்து எடுத்தால் வலது இடதாகிவிடும். இதயத்தின் கூர்முனை பொதுவாகப் பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது, இதயம் வலப்பக்கம் இருக்கும் மனிதர்களும் உண்டு. டெக்னீஷியன் வைத்த அந்த ஈய எழுத்துதான் சாட்சி. அது படத்துக்குள் இருக்க வேண்டும். அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். பெயர், நம்பர், தேதி உள்ள செவ்வகத்தையும் வெட்டாதீர்கள்.

அடுத்து தேதி. ஃபைலின் பெயரிலேயே எழுதுங்கள், 1991-08 மார்பு நேர்ப்படம் என்பது போல. போன் தானாகப் போடும் பெயரில் இன்றைய தேதிதான் இருக்கும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றும்போதும் இதே கவனம் தேவை. டைகாம் முறையில் எக்ஸ்ரே எடுத்த தேதிக்கு ஓரிடமும், பிற்பாடு ஸ்கேன் செய்த தேதிக்கு வேறோர் இடமும் தனித்தனியாக உண்டு. 'இது ஃபிலிமிலிருந்து ஏற்றியது' என்று குறிக்கவும் தனி இடம் உண்டு. அவசரத்தில் இரண்டு தேதியையும் ஒன்றாக்கிவிட்டால் உங்கள் 1991 படம் இந்த வருடத்துப் படமாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர் ஒரே நாளில் எடுத்த இரண்டு படங்களைப் பார்த்துக் குழம்புவார், அல்லது குழம்பாமலே தவறாக முடிவு செய்வார்.

அளவு மூன்றாவது. ஃபிலிமின் ஓரத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்றை வைத்துச் சேர்த்து எடுங்கள், வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் என்றால் கோடுகள் அழகாகத் தெரியும். ஒன்று நினைவிருக்கட்டும், ஸ்கேல் அளப்பது ஃபிலிமில் விழுந்த நிழலை. உடம்புக்குள் இருக்கும் பொருள் அதைவிடக் கொஞ்சம் சிறியது. மார்பு எக்ஸ்ரேயை ஏறக்குறைய 180 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதே இந்தப் பெருக்கத்தைக் குறைக்கத்தான். இரண்டு படமும் நின்றபடி, முதுகுப் பக்கமிருந்து கதிர் வரும்படி, அதே தூரத்தில் எடுத்தவை என்றால் ஒப்பிடலாம். ஒன்று படுக்கையில் எடுத்தது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். ஸ்கேன் செய்தது டிஃப் ஃபைலாகவோ 16 பிட் பிஎன்ஜியாகவோ இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள். டாக்டருக்குப் போகும் படத்தில் பெயர் இருக்கத்தான் வேண்டும். குடும்பக் குழுவிலோ பொதுவெளியிலோ போடுவதாக இருந்தால் பெயரையும் ஆஸ்பத்திரி நம்பரையும் மறைத்த பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் நெஞ்சு அது, ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை.

டிஜிட்டல் ஆக்கிவிட்டோமே என்று ஃபிலிமைக் கழித்துவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமுக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள், வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக. கிடைக்கும் காசு அற்பம். இன்னும் நல்ல டிஜிட்டைசர் கிடைத்தால் மறுபடியும் ஏற்ற ஃபிலிம் வேண்டும். கிரகணம் பார்க்கப் பேரப்பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஃபிலிமுக்காக மட்டும் சொல்லவில்லை, கண்ணுக்கும் அது பாதுகாப்பே இல்லை. ஒவ்வொரு ஃபிலிமையும் தனிக் காகித உறையில் போட்டு, படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பீரோ மேல் வேண்டாம், கோடையில் கூரைச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும்.

சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியம் எனும் காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த நோயாளிகளையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டு, 1959-ல் வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்று காட்டியது. அந்த ஆய்விலும் நோய் எவ்வளவு குறைந்தது என்பதற்கு ஓர் ஆதாரம், ஒரே மனிதரின் முந்தைய எக்ஸ்ரேயையும் பிந்தைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். உங்கள் டாக்டர் கேட்டதும் அதையேதான்.

பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. 1991-ல் சிகிச்சை தொடங்கும்போது எடுத்த நேர்ப்படம், மருந்து முடிந்தபோது எடுத்தது, அதற்குப் பிறகு எந்த வருடத்திலாவது வேறு காரணத்துக்கு எடுத்த மார்புப் படம் இருந்தால் அதில் கடைசி. இந்த மூன்றையும் முதலில் செய்யுங்கள். இதில் மருந்து முடிந்தபோது எடுத்ததுதான் மிக முக்கியம், தழும்பு என்றால் அதில்தான் தழும்பாகத் தெரியும். உறையின் மேல் அன்றைய டாக்டரின் கையெழுத்தில் ரிப்போர்ட் ஏதாவது இருந்தால், அதையும் ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். காகிதம்தானே, அதற்கு ஜெராக்ஸ் கடை ஸ்கேனரே போதும்.